கப்பிச் சத்தம்

வாளிக்குள் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீர் சூடாகிவிட்டதோ என்னவோ. இல்லை, வாளி தென்னை நிழலில்தான் இருக்கிறது, வெயிலில் நிற்பது நான், எனக்குச் சுடுவதால் மீனுக்கும் சுடும் என்று நினைக்கிறேன். நமக்குத் தோன்றுவதை மிருகத்தின் மேல் ஏற்றாதே என்பது விலங்கியலில் முதல் வாரத்துப் பாடம், அது தெரிந்தும் வாளியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கிறேன். ஷெர்லின் வீட்டுக்குள் போய்விட்டாள். "ஊத்திராதட்டி, இந்தா வந்திட்டேன்" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து படியேறிப் போனாள். எட்டாம் மாதம். கல்லூரியில் பஸ் கிளம்புவதற்குள் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடியவள். இந்த வீடு அவளுடையது என்று தெரிந்திருந்தால் இந்தத் தெரு வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன், வேலைக்குச் சேர்ந்தே இரண்டு மாதம் ஆகவில்லை, வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் நான் இல்லை. அவள் கல்யாணத்துக்குப் போனேன், பிரியாணி சாப்பிட்டேன், மேடையில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டேன், எல்லாம் மண்டபத்தோடு முடிந்தது, மாப்பிள்ளை வீடு எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்குக் கேட்டைத் தட்டி "கொசுவுக்கு வந்திருக்கேன்" என்று குரல் கொடுத்தேன், யாரும் வரவில்லை, நேரே கிணற்றடிக்கு வந்து ஒரு வாளி இறைத்து வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். கயிறு ஓடிக் கப்பி கிறீச்சிட்டபோது கீழே தண்ணீரில் ஏதோ மினுங்கிய மாதிரி இருந்தது, வெயில் என்று விட்டுவிட்டேன். தட்டில் புழு இருந்தது. தலைகீழாகத் தொங்கி நெளிகிற புழு, டெங்குக் கொசுவின் புழு, பார்த்தவுடன் எனக்குத் தெரிகிற சில விஷயங்களில் அது ஒன்று. புழுவைத் தின்ன ஆபீசில் கொடுத்துவிட்ட மீன் வாளியைத் தூக்கிக் கிணற்றில் கவிழ்க்கப் போன நேரத்தில்தான் ஷெர்லின் பின்வாசலில் வந்து நின்றாள், என் தொப்பியைப் பார்த்தாள், கழுத்தில் தொங்குகிற அட்டையைப் பார்த்தாள், சஜிதா என்று கூப்பிட்டாள், சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று தெரியாத முகத்தோடு சொன்னாள், "உள்ள கெடக்கது நம்ம சானல் மீனாக்கும்ட்டி."

நம்ம சானல் மீன். கல்லூரிக்குப் பின்னால் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற சானலில் நானும் அவளும் முழங்கால் வரைக்கும் சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு கொசுவலைத் துணியால் பிடித்த மீன். விரல் நீளம்கூட வராது, முதுகு தட்டை, எப்போதும் தண்ணீரின் மேல்தட்டிலேயே நிற்கும், நெற்றியில் ஒரு வெள்ளிப் பொட்டு. புத்தகத்துப் பெயர் வாயில் நுழையாது, நாங்கள் பொட்டுமீன் என்றே வைத்துக்கொண்டோம். கடைசி வருடத்து ப்ராஜெக்ட் அதுதான், நம் ஊர் மீன் கொசுப்புழுவைத் தின்னுமா என்று பார்ப்பது. கண்ணாடித் தொட்டியில் மீனைப் போட்டு, ஒரு நாள் பட்டினி போட்டு, மறுநாள் புழுவை விட்டுப் பார்த்தோம். தின்றது. நன்றாகவே தின்றது, ஷெர்லின் கைதட்டினாள். அந்தக் கட்டுரையின் கடைசி வரியை நான்தான் எழுதினேன், இது குறித்து மேலும் ஆய்வுகள் தேவை. எல்லாருடைய கட்டுரையும் அப்படித்தான் முடியும், அந்த வரியை எழுதிவிட்டால் அட்டை போட்டுத் தைக்கக் கொடுத்துவிடலாம், கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அந்தக் கோடையில் சானலுக்கு அடியிலும் பக்கத்திலும் சிமெண்ட் போட்டார்கள். மழை வந்ததும் போய்ப் பார்த்தேன், தண்ணீர் ஓடியது, மீன் இல்லை. ஊர்க் குளத்தில் யாரோ வளர்க்க விட்ட திலேப்பியா மீன் மட்டும்தான். வேறெங்கும் பொட்டுமீன் இல்லை என்று நான் சொல்ல முடியுமா, நான் பார்த்த இடத்தில் இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும், ஆனால் மனசு இல்லை என்றே சொல்லிக்கொண்டது. கல்லூரித் தொட்டியில் மிச்சம் இருந்ததைக் கொட்டிவிடுங்கள் என்று ஆய்வகத்தில் சொன்னபோது ஷெர்லின்தான் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். அதற்குப் பிறகு அதை நான் மறந்தே போனேன். அவள் மறக்கவில்லை. கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு எவர்சில்வர் குடத்தில் தண்ணீர் தளும்பத் தளும்ப மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாளாம், இந்தக் கிணற்றில் விட்டாளாம், மாப்பிள்ளை வீட்டார் ஏதோ நேர்ச்சை என்று நினைத்து ஒன்றும் கேட்கவில்லையாம். உள்ளே போவதற்கு முன்னால் மூச்சு வாங்க வாங்க அவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் வாழவந்த வீட்டுக் கிணற்றைத்தான் நான் இப்போது எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், என் காலடியில் வாளி நிறையக் கம்பூசியா மீன்.

இந்த வேலையை அம்மா வேலை என்றே ஒத்துக்கொள்வதில்லை. "நர்சிங்குக்கு விட்டிருந்தா இப்பம் குவைத்துல இருப்பா" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வதை என் காதில் விழுகிற மாதிரி சொல்கிறாள். விலங்கியல் படித்தால் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு முதல் வருடம் ஒரு பதில் வைத்திருந்தேன், இரண்டாம் வருடம் வேறொன்று, மூன்றாம் வருடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். லில்லி மேடம்தான், எங்கள் பேராசிரியை, ஒரு நாள் வகுப்பில் பொதுச் சுகாதாரத்துக்குப் போங்கள், உயிரினங்களைத் தெரிந்தவர்கள் அங்கே வேண்டும் என்றார். என் மனசில் உடனே வெள்ளைக் கோட்டு வந்தது, மைக்ராஸ்கோப் வந்தது, சுவரில் சிவப்புப் புள்ளி வைத்த வரைபடம் வந்தது, புள்ளிகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு யோசிக்கிற நான் வந்தேன். கிடைத்தது தொப்பி, வாளி, சாக்பீஸ், வீட்டுக்கு வீடு நாய். நேர்காணலில் இருந்த அதிகாரி கேட்டார், "கொசு எதுக்கும்மா கடிக்குது?" பெண் கொசு முட்டை உண்டாக்கப் புரதம் வேண்டும் சார் என்றேன். "வீட்டுல போய் இதத்தான் சொல்லுவியா?" என்றார். ஆமாம் என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது, அந்தப் பதிலாலா, வேறு யாரும் வராததாலா, இன்றைக்கு வரைக்கும் தெரியாது. இப்போது வீட்டில் போய் நான் சொல்வதெல்லாம் தண்ணிய மூடி வையுங்க அக்கா, அவ்வளவுதான். மூன்று வருடப் படிப்பு அதற்குள் எங்கே இருக்கிறது என்று சில நேரம் தேடிப் பார்ப்பேன். யாருக்கும் என் பெயர் தெரியாது, நான் கொசுவுக்கு வந்த பிள்ளை, "கொசுவுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு சாய குடு" என்பார்கள், டீ வரும், குடிப்பேன், நன்றாகத்தான் இருக்கும். அங்கே ஒரு குறையும் இல்லை. குறை வேறெங்கோ இருக்கிறது. கல்லூரியில் எனக்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடிக்கும். தவளையை அறுப்பதை எங்கள் காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள், நாங்கள் எல்லாவற்றையும் படத்தில்தான் அறுத்தோம், படிப்புக்கென்று ஒரு உயிரையும் என் கையால் நான் கொன்றதில்லை, அதற்குள் கொசுவைக் கொல்கிற வேலைக்கு வந்து நிற்கிறேன். கொசுவைக் கொல்வதில் எனக்கு வருத்தமில்லை, இந்த நிமிடம் கையில் ஒன்று உட்கார்ந்தால் அடிப்பேன்.

கம்பூசியாவைப் பற்றி லில்லி மேடம் ஒரு மணிநேரம் பேசினார். எங்கேயோ கடல் தாண்டி இருந்த மீனைக் கொசுவுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள், அது கொசுப்புழுவோடு நிற்காது, மற்ற மீன்களின் குஞ்சைத் தின்னும், தவளைக் குஞ்சைத் தின்னும், தன்னைவிடப் பெரிய மீனின் வாலையும் கடித்துக் குதறும், விட்ட இடத்தில் அது மட்டும்தான் மிஞ்சும். நான் எழுதிக்கொண்டேன், பரீட்சையிலும் வந்தது, நல்ல மதிப்பெண். எங்கள் சுகாதார ஆய்வாளர் ராஜையன் சார் அதே மீனை ஆபீசுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டியில் பிள்ளைபோல வளர்க்கிறார். முதல் நாள் நான் மேடம் சொன்னதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "கெணத்துக்குள்ள கெடக்க மீனு எங்கம்மா போவும்? புழு இருந்தா மீன விடு, விட்டா செவுத்துல எழுது, அடுத்த வீட்டுக்குப் போ. நின்னு யோசிக்கதுக்கு நமக்கு நேரமில்ல, அங்க பிள்ளைங்க காய்ச்சல்ல கெடக்கு" என்றார். அதிலும் தப்பில்லை. கிணற்றுக்குள் கிடக்கிற மீன் எங்கே போகும். ஆனால் சார், இந்த ஊரில் ஐப்பசியில் கிணற்றில் குனிந்து கையால் தண்ணீர் மொள்ளலாம், பெருமழை வந்த வருடம் கிணற்றுத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் ஒன்றாகிக் குளத்துக்குப் போனதே. போனால் என்ன, குளத்தில்தான் ஏற்கெனவே திலேப்பியா. இல்லாத மீனைக் காப்பாற்ற நான் யார். உள்ளே இருக்கிறதே, இல்லாததா அது. சரி, மீனே வேண்டாம், வலை போட்டு மூடினால் என்று அவளிடம் கேட்டேன். போட்டார்களாம், நெத்துத் தேங்காய் விழுந்து கிழித்துக்கொண்டு போனதாம், புது வலை ஷெர்லினின் வீட்டுக்காரர் லீவுக்கு வரும்போதுதானாம், அவர் கப்பலில். மருந்து? குடிக்கிற தண்ணீரில் மருந்து ஊற்ற விடமாட்டேன் என்று மாமனார் ஒரே நிலையாய் நிற்கிறாராம். வழியெல்லாம் சுற்றிச் சுற்றி இந்த வாளிக்கே வந்து முட்டுகிறது. பொட்டுமீன் இருக்கிற கிணற்றில் புழு எப்படி வந்தது, அது எனக்குப் பிடிபடவில்லை. தின்னுமே. நாங்கள் பார்த்தோமே. கைதட்டினாளே. கண்ணாடித் தொட்டியில் தின்றது கிணற்றில் ஏன் தின்னவில்லை, அப்படியானால் நாங்கள் பார்த்தது என்ன. தட்டில் மிச்சம் இருந்த தண்ணீரில் புழுக்கள் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுக் கீழே போகின்றன. அவற்றுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

ஷெர்லின் கையில் ஒரு தடிப்பு இருந்தது. முழங்கைக்குக் கீழே, சிவப்பாக, நடுவில் ஒரு புள்ளியோடு. கொசுக்கடியாக இருக்கும். எறும்பாகவும் இருக்கலாம், மாசமாக இருக்கும்போது சிலருக்கு அரிப்பு வரும், வளையல் உராய்ந்ததாகவும் இருக்கலாம், வளையல் போட்டிருந்தாளா, ஞாபகமில்லை, தடிப்பு மட்டும்தான் ஞாபகம். பயிற்சி வகுப்பில் ஒரு டாக்டர் வந்து பேசினார், மாசமாக இருக்கிற பெண்ணுக்கு டெங்கு வந்தால் என்ன ஆகும் என்று. பிரசவ நேரத்தில் வந்தால் ரத்தம் நிற்காது என்று சொன்னார், தாய்க்கு என்று ஒன்றும் பிள்ளைக்கு என்று ஒன்றும் சொன்னார். நான் அப்போது ஓரத்தில் கொசுவின் இறக்கையைப் படம் போட்டுக்கொண்டிருந்தேன், நரம்புகளை ஒவ்வொன்றாக, அழகாக வந்துகொண்டிருந்தது, பாதிதான் காதில் விழுந்தது. விழுந்த பாதி இப்போது கிணற்றடியில் வந்து நிற்கிறது, விழாத பாதியில் இதைவிட மோசமாக என்ன சொன்னாரோ. மூன்று வீடு தள்ளி ஒரு பையனுக்கு டெங்கு, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். காலையில் அந்த வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா துணி எடுக்க வந்திருந்தாள், மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்திலும் என்னை நிறுத்திக் கேட்டாள், "கொசு எங்கேருந்து வந்துதுன்னு கண்டுபிடிச்சிருவியா மோளே?" தெரியாது அக்கா என்றேன். அவள் முகம் ஒன்றும் ஆகவில்லை, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தக் கிணற்றிலிருந்து அந்த வீட்டுக்குக் கொசு பறந்துவிடும், அவ்வளவு தூரம்தான். அந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டிலிருந்தும் வந்திருக்கலாம், அவன் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்தும் வந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. யாருக்கும் தெரியாது என்பதால் இந்தக் கிணறு இல்லை என்று ஆகிவிடுமா. வாளியில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து நீந்துகிறது. இன்னும் கொஞ்ச நேரம் நான் இப்படியே நின்றால் ஊற்றுவதற்கு மீன் இருக்காது, பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும், ராஜையன் சாரிடம் மீன் செத்துவிட்டது என்று சொல்லலாம். அப்படி நினைத்ததும் காது சூடாகிறது. ஷெர்லினே, சீக்கிரம் வா.

வருகிறாள். கையில் ஒரு தகரச் சம்படத்தின் மூடி, அதில் ஒரு பிடி சோறு. "மாமாக்கு மாத்திர எடுத்துக் குடுத்தேன், அதான் தாமசம்" என்கிறாள். கிணற்றுச் சுவரில் வயிறு இடிக்காமல் பக்கவாட்டாக நின்று கயிற்றைப் பிடிக்கிறாள். "இப்பம் பாரு." கயிற்றை இரண்டு தடவை சும்மா இழுத்து விடுகிறாள், கப்பி கிறீச்சிடுகிறது. கீழே இருட்டில் ஒரு பொட்டு மினுங்குகிறது, பக்கத்தில் இன்னொன்று, சுவரோரத்திலிருந்து, பாசிக்கடியிலிருந்து, எல்லாப் பக்கமிருந்தும் வந்து கயிற்றுக்கு நேர்கீழே வட்டமாக நிற்கின்றன. சானல் போன பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். அவள் சோற்றைத் தூவுகிறாள். தண்ணீர் கொதிப்பது மாதிரி ஆகிறது.

"சத்தம் கேட்டா வந்திரும்ட்டி. வந்த நாள்ல இருந்து காலையும் சாயங்காலமும் போடுகேன். புது எடம்லா, பட்டினி கெடந்திரக் கூடாதேன்னு."

நான் குனிந்து பார்க்கிறேன். ஒரு மீனின் வாய்க்குப் பக்கத்திலேயே ஏதோ கறுப்பாக நெளிகிறது, மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தள்ளிக் கிடந்த சோற்றுப் பருக்கைக்குப் பாய்ந்து போகிறது. அவ்வளவுதானா. மேலும் ஆய்வுகள் ஒன்றும் தேவைப்படவில்லை, ஒரு பிடி சோறுதான்.

"ஷெர்லினே, நீ சோறு போடதுனாலதாம்ட்டி அது புழுவத் தின்னல. நம்ம ப்ராஜெக்டுல ஒரு நாள் பட்டினி போட்டுல்லா விட்டோம்."

அவள் சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அப்பம் நானாட்டி கொசு வளத்திருக்கேன்" என்று சொல்லிச் சிரிக்கிறாள், சிரிப்பு பாதியில் நிற்கிறது, சோறு ஒட்டாத கை வயிற்றுக்குப் போகிறது. "இனி போடல. எத்தன நாள்ல அதுக்குப் பசிக்கும்?"

"ரெண்டு நாளு. கூடிப்போனா மூணு."

"பிறவு தின்னிருமா?"

"தின்னிரும்."

"அப்பம் இத ஊத்தாண்டாம்லா?"

நான் தலையாட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் முகம் தெளிந்துவிட்டது. "நீ சொன்னாச் சரிதாம்ட்டி. மாமாட்ட சொல்லுகேன், சாய இடுகேன், குடிச்சிட்டுப் போ" என்று திரும்பி நடக்கத் தொடங்குகிறாள். ரெண்டு நாள் எங்கிருந்து வந்தது? கண்ணாடித் தொட்டியில் ஒரு நாள், கிணறு பெரிசு என்பதால் கூட ஒன்று, சந்தேகத்துக்கு இன்னொன்று, அப்படித்தான் வந்தது, வாய் தானாகப் போட்ட கணக்கு. தொட்டியில் புழுவைத் தவிர வேறொன்றும் இல்லை, இங்கே பாசி இருக்கிறது, விழுகிற பூச்சி இருக்கிறது, ஒரு வருடமாகச் சோறு தின்று பழகிய மீன் எதைத் தின்னும் எப்போது தின்னும் என்று யார் பார்த்தது. வகுப்பில் சொல்லியிருந்தால் மேடம் உடனே கேட்டிருப்பார், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். இங்கே யாரும் கேட்கவில்லை. சரிதாம்ட்டி என்று சொல்லிவிட்டு ஒருத்தி எட்டு மாத வயிற்றோடு படியேறிப் போகிறாள். இன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாள், நாளைக்கும் தூங்குவாள், புழு கூட்டுப்புழுவாகும், இறக்கை முளைக்கும், நரம்பு நரம்பாக நான் படம் போட்ட அதே இறக்கை. எனக்குப் பயமாக இருக்கிறது. வேலைக்கு வந்த நாளிலிருந்து நாய்க்குப் பயந்திருக்கிறேன், ராஜையன் சாருக்குப் பயந்திருக்கிறேன், இந்தப் பயம் வேறு. தண்ணிய மூடி வையுங்க என்றால் மூடி வைக்கிறார்கள், ஊத்தாண்டாம் என்றால் ஊற்றாமல் இருப்பார்கள், நான் சொன்னதை ஒருத்தி உடம்பில் வாங்கிக்கொண்டு போகிறாள். நான் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று நினைக்கிறேன், பார்க்கப் பார்க்கத் தெரியும் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்து முடிகிற வரைக்கும் அவள் வயிறு காத்துக்கொண்டிருக்காது.

"நில்லுட்டி."

நிற்கிறாள்.

"ரெண்டு நாளுன்னு சும்மா சொன்னேன். எனக்குத் தெரியாது."

அவள் என்னைப் பார்க்கிறாள், பிறகு வாளியைப் பார்க்கிறாள். அவளும் அதே வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து கம்பூசியா என்று எழுதிக்கொண்டவள்தான், அவளிடம் விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே மாமனார் இருமுகிற சத்தம் கேட்கிறது. இல்லை, ஊத்தாத என்று அவள் சொல்லிவிட்டால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது, சொல்லிவிட்டால் அது அவள் முடிவாகிவிடும். அவள் சொல்லவில்லை. ஊற்று என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போனாள், வந்தபோது இடுப்பில் ஒரு எவர்சில்வர் குடம்.

"சோத்துக்கு வரும்லா. கெடைக்கதப் புடிச்சிருவோம்."

கிணற்று வாளியின் அடியில் கொஞ்சம் சோற்றைப் போட்டு நான் இறக்குகிறேன், கப்பி கிறீச்சிடுகிறது, வருகின்றன. வாளியைத் தண்ணீருக்குள் சாய்த்து வைத்தால் தாமாகவே உள்ளே போகின்றன, வலை வேண்டாம், துரத்த வேண்டாம், சானலில் ஒரு மீனுக்கு நாங்கள் எவ்வளவு ஓடியிருப்போம். தளும்பாமல் மேலே இழுத்துக் குடத்தில் சாய்க்கிறேன். மறுபடியும் இறக்குகிறேன். நம்பி வருகிற மீனைப் பிடிப்பதில் ஒரு திறமையும் இல்லை, அவள் ஒரு வருடம் போட்ட சோற்றை நான் இப்போது அள்ளிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் வருவது குறைந்தது, பிறகு நின்றது. எதிர்ப்பக்கத்துச் சுவரோரம் ஒன்றிரண்டு பொட்டு அசையாமல் நிற்கின்றன, பெரிய மீன்களாக இருக்கும், எவ்வளவு கப்பியை ஆட்டியும் வரவில்லை. அவற்றுக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், நினைக்கக் கூடாது, முதல் வாரத்துப் பாடம்.

"ஊத்துட்டி" என்றாள் ஷெர்லின். திரும்பி நின்றுகொண்டாள்.

ஊற்றினேன். சாய்ந்து நீந்திய அந்த ஒன்றும் போனது. நான் செய்தது சரியா என்று கிணற்றைப் பார்த்தேன், அங்கே தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சுவரில் சாக்பீஸால் தேதியும் மீன் விட்டாச்சு என்றும் எழுதினேன், கீழே சின்னதாகக் கையெழுத்து. லில்லி மேடம் இதைப் பார்த்தால் என்ன சொல்வார், ராஜையன் சார் குடத்தைப் பார்த்தால் என்ன சொல்வார். ஐப்பசி வரும், கிணறு நிறையும், அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இதுவும் தெரியாமல்தான் ஊற்றினேன்.

"இத எங்கன கொண்டு போவ?" அவள் குடத்துக்குள் எட்டிப் பார்க்கிறாள்.

"அடுத்த வீட்டுல சிமெண்ட் தொட்டி இருக்கு. அங்கயும் புழுதான்னு சொன்னாங்க. குடத்த சாயங்காலம் தாறேன்."

மூடியில் இன்னும் நாலு பருக்கை ஒட்டியிருக்கிறது. பழக்கத்தில் அதைக் குடத்துக்கு மேலே கொண்டுபோனவள், தட்டப் போன விரலை நிறுத்திக்கொள்கிறாள். "அவங்க சோறு போடுவாங்களாட்டி?"

"போடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போறேன்."

அவள் மூடியை முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறாள், சின்னப் பிள்ளையிடம் மிட்டாயை மறைப்பது மாதிரி. நான் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, காலி வாளியை மறு கையில் எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடக்கிறேன், தண்ணீர் தளும்பிச் சுடிதார் நனைகிறது, அடுத்த வீட்டில் நாய் இருக்கிறதா என்று நேற்றே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. முதலில் என்ன சொல்வது, அக்கா இந்த மீன் புழுவைத் தின்னும், பட்டினி போட்டால் தின்னும் என்றுதான் நினைக்கிறோம், நிச்சயமாகத் தெரியாது, வந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்படிச் சொன்னால் விடச் சொல்வார்களா. பின்னால் கப்பி கிறீச்சிடுகிறது. ஷெர்லின் வீட்டுக்குத் தண்ணீர் இறைக்கிறாள். குடத்துக்குள் மீன்களெல்லாம் மேலே வந்து நிற்கின்றன.